சக்கரத்தில் ஒட்டிய பிரேக் தூள்: கறையைப் பார்த்து மருந்து

ஊட்டிக்குப் போய்விட்டுக் கோயம்புத்தூர் திரும்பிய மறுநாள் காலை காரைக் கழுவ இறங்கினால், பின்சக்கரம் இரண்டும் வெள்ளியாகப் பளிச்சென்று இருக்கும். முன்சக்கரம் இரண்டும் அடுப்புக்கரி பூசிய மாதிரி இருக்கும். வாளித் தண்ணீரை வீசி ஊற்றினால் கறுப்பில் பாதி ஓடிவிடும். மீதிப் பாதிதான் வில்லங்கம். ஷாம்பு போட்டுத் தேய்த்துத் துடைத்த பிறகும், காய்ந்ததும் பார்த்தால் மிளகுப் பொடி தூவியது போலப் புள்ளிகள் அப்படியே நிற்கும். அந்த ஆத்திரத்தில்தான் பலரும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரையோ கழிப்பறை அமிலத்தையோ கையில் எடுக்கிறார்கள். நானும் எடுத்தவன்தான், அந்தக் கதை கீழே வருகிறது.

இந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். பிரேக்கை மிதித்தால் வார்ப்பிரும்பு டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேடுகள் கவ்விப் பிடிக்கின்றன. பேடும் தேய்கிறது, டிஸ்க்கும் தேய்கிறது. பறக்கும் தூளில் கரி, பிசின், நார் எல்லாம் உண்டு. நமக்குத் தொல்லை தருவது அதிலுள்ள இரும்பு. சூடாகப் பறந்து வரும் இரும்புத் துணுக்கு சக்கரத்தின் மேல்பூச்சில் போய்க் குத்திக்கொள்கிறது. இரவுப் பனியிலும் மழையிலும் அது துருப்பிடிக்கிறது. இரும்பைவிடத் துரு அதிக இடத்தை அடைக்கும் என்பதால் துணுக்கு உப்பிப் பூச்சுக்குள் இன்னும் இறுகுகிறது. பிறகு சோப்பு நுரைக்கு அது அசையாது. அழுக்கு என்றால் மேலே கிடக்கும். இது முள் மாதிரி உள்ளே ஏறியிருக்கிறது.

மலைப்பாதை ஏன் இவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் வருவதற்குள் கார் ஏறத்தாழ 1,900 மீட்டர் கீழே இறங்குகிறது. ஆயிரம் கிலோ கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், வீட்டு மீட்டரில் ஐந்து யூனிட் மின்சாரத்துக்குச் சமம். டயரும் எதிர்க்காற்றும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை ஒன்று இன்ஜின் ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் ஏற்க வேண்டும். நான்காம் கியரிலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டு இறங்கினால் அந்தச் சூட்டில் பெரும்பங்கு பிரேக்கில்தான் போய் விழும்.

பின்சக்கரம் சுத்தமாக இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பிரேக் பிடித்தால் வண்டியின் எடை முன்னே சாய்கிறது. வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். அதோடு நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் பின்னால் டிரம் பிரேக். தேயும் தூள் டிரம்முக்குள்ளேயே கிடக்கிறது.

மருந்து ஊற்றும் முன் மூன்று சோதனை

சக்கரம் ஆறியிருக்க வேண்டும், நிழலில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் கீழே சொல்லும் எதையும் தொடங்க வேண்டாம். நம் வெயிலில் காலை எட்டு மணிக்கு முன்பு அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு வைத்துக்கொண்டால் நல்லது.

சக்கரத்தை வெறும் தண்ணீரில் நன்றாக நனைத்துவிடுங்கள். காய்ந்த தூளைத் துணியால் தட்டுவதும் காற்றுக் குழாயால் ஊதுவதும் கூடாது. பழைய வண்டிகளின் பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் உண்டு, இன்றைய தூளும் நுரையீரலுக்கு நல்லதல்ல. அப்புறம் ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்து, முழுக்கக் காயவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் எல்லாக் கறையும் ஒளிந்துகொள்ளும்.

அடுத்து, காய்கறி வாங்கிய மெல்லிய பாலிதீன் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு சக்கரத்தை மெதுவாகத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பை வழியாக மணல் காகிதம் போல உறைக்கும். உறைத்தால் இரும்பு உள்ளே ஏறியிருக்கிறது. வழுவழுப்பாக இருந்தும் நிறம் மட்டும் மாறியிருந்தால் அது வேறு கதை.

மூன்றாவது, உங்கள் சக்கரம் எந்த வகை என்று தெரிய வேண்டும். ஸ்டீல் வீலுக்கு வீல் கப் மாட்டியிருந்தால் கவலையே இல்லை. கப்பைக் கழற்றி வாளியில் ஊறவைத்துத் தேய்த்துவிடலாம். அலாய் வீல் என்றால், பெரும்பாலும் பெயின்ட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத லாக்கர் பூச்சு இருக்கும். முகப்பைக் கடைந்து பளபளவென்று கோடுகோடாகத் தெரியும்படி விடும் டைமண்ட் கட் சக்கரங்களிலும் மேலே லாக்கர் உண்டு, ஆனால் அதன் ஓரங்கள் சீக்கிரம் விட்டுப்போகும். பூச்சே இல்லாமல் பாலிஷ் மட்டும் போட்ட சக்கரங்களும் உண்டு. சந்தேகம் இருந்தால், கண்ணில் படாத ஓரத்தில் உலோகப் பாலிஷைத் துளியளவு வைத்து வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சுத்தமான இடத்தில் தேய்த்தும் துணி கறுத்தால் அது வெற்று அலுமினியம். கறுக்காவிட்டால் மேலே பூச்சு இருக்கிறது.

அறிகுறி: விரலில் கறுப்பாக ஒட்டுகிறது, தண்ணீருக்கே பாதி போகிறது

புதுத் தூள். மருந்து எதுவும் வேண்டாம். ஒரு வாளியில் கார் ஷாம்பு, இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர். பிரஷைத் தண்ணீர் வாளியில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளியில் முக்க வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த இரும்புத் தூளையே திரும்பத் தேய்த்துக் கீறல் போடுவீர்கள். ஆரக்கால்களுக்கு மென்மையான பிரஷ், நட்டுக் குழிகளுக்குப் பழைய பெயின்ட் பிரஷ், எழுத்தின் இடுக்குகளுக்குப் பல் துலக்கும் பிரஷ். சக்கரத்துக்கு வைத்த துணியும் பஞ்சும் கதவுப் பக்கம் போகவே கூடாது.

துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், அதில் காரம் அதிகம். பாத்திரம் தேய்க்கும் திரவத்தை அவசரத்துக்கு ஒரு நாள் பயன்படுத்தினால் குடி முழுகிவிடாது. ஆனால் முன்பு பூசிய மெழுகைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

அறிகுறி: கழுவிக் காய்ந்த பிறகும் பழுப்பு, ஆரஞ்சுப் புள்ளிகள், தடவினால் சொரசொரப்பு

இதுதான் அந்த முள். இதற்கென்றே அயர்ன் ரிமூவர் என்று விற்கிறார்கள். பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தால் பெரும்பாலும் அம்மோனியம் தயோகிளைகோலேட் அல்லது சோடியம் தயோகிளைகோலேட் என்று இருக்கும். அழகு நிலையத்தில் முடியைச் சுருட்டுவதற்குத் தடவும் மருந்திலும் இதே குடும்பம்தான். அழுகிய முட்டை போன்ற அந்த நெடியை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பூச்சை அரிக்காமல் இரும்பை மட்டும் பிடித்து, நீரில் கரையும் பொருளாக மாற்றிவிடுவது இதன் வேலை. அமிலமும் இல்லாமல் காரமும் இல்லாமல் நடுநிலையில் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

கையுறை போட்டுக்கொண்டு, திறந்த வெளியில், ஏற்கெனவே ஷாம்பு போட்டுக் கழுவிய சக்கரத்தில் தெளியுங்கள். மேலே தூள் படிந்திருக்கும்போதே தெளித்தால் மருந்து மேல் தூளிலேயே தீர்ந்துபோகும். உள்ளே ஏறியதை எட்டாது. தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தாலும் மருந்து நீர்த்துவிடும், எனவே ஒரு தடவை துடைத்துவிட்டுத் தெளிப்பது நல்லது.

முதல் அரை நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். பிறகு ஆரக்கால் விளிம்பில், நட்டுக் குழியைச் சுற்றி, முதலில் ஒரு புள்ளி ஊதாவாகும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நாலைந்து. இரண்டாவது நிமிடத்தில் நாவல் பழச் சாறு வழிவது போலக் கோடுகோடாகக் கீழே இறங்கும். பார்க்க ஆனந்தமாகத்தான் இருக்கும். அந்த ஆனந்தத்தில் காயவிட்டுவிடாதீர்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். காய்ந்துவரும் இடத்தில் மறுபடி கொஞ்சம் தெளித்து, பிரஷால் மெதுவாகக் கிளறிவிட்டு, தண்ணீரைத் தாராளமாக அடித்துக் கழுவுங்கள். டிஸ்க், பேடுகளை அழுத்தும் கேலிப்பர், நட்டு எல்லாவற்றின் மேலும் தண்ணீர் போக வேண்டும். காரின் பெயின்ட்டில் தெறித்திருந்தால் அங்கேயும்.

ஒரு விஷயத்தில் ஏமாற வேண்டாம். டிஸ்க்கே இரும்பு, அதன் மேல் பட்ட மருந்தும் ஊதாவாகத்தான் வழியும். எத்தனை முறை தெளித்தாலும் டிஸ்க் பக்கத்திலிருந்து ஊதா வந்துகொண்டே இருக்கும். பார்க்க வேண்டியது சக்கரத்தின் முகப்பை மட்டுமே.

பல மாதப் பழைய கறை ஒரே தடவையில் போகாது. இரண்டாம் முறை ஊதா மங்கலாக வரும், மூன்றாம் முறை அநேகமாக வராது. நான்கு சக்கரத்துக்கு ஒரு சுற்றுக்கு எனக்கு 150 மில்லி அளவு ஆகிறது. மூன்று சுற்றுக்குப் பிறகும் பாலிதீன் பைக்குச் சொரசொரப்பு தெரிந்தால், கிளே பார் என்று விற்கும் களிமண் போன்ற கட்டியில் சிறு துண்டைக் கிள்ளித் தட்டையாக்கி, ஷாம்பு நீரைத் தெளித்துக்கொண்டே வழுக்கிவிடுங்கள். அழுத்தத் தேவையில்லை, ஒட்டியதை அது பிடுங்கிக்கொள்ளும். சக்கரத்தில் தேய்த்த துண்டைக் குப்பையில் போடுங்கள். மிச்சம் பிடிப்பதாக நினைத்து அதையே பானெட்டில் தேய்த்தால் பானெட் முழுக்கக் கீறல்.

வெற்று அலுமினியச் சக்கரம் என்றால் இந்த மருந்தையும் மறைவான இடத்தில் தெளித்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் முழுக்கப் போட வேண்டும். எந்தச் சக்கரமானாலும், மருந்தைப் பிளீச்சிங் பவுடருடனோ அமிலத்துடனோ கலக்காதீர்கள்.

அறிகுறி: மருந்து போட்டும் ஊதா வரவில்லை, கறுப்புப் பொட்டு அப்படியே இருக்கிறது

அப்படியானால் அது இரும்பு இல்லை. சக்கரத்தின் வெளி விளிம்பிலும், கதவுக்குக் கீழே பாடியிலும் அதே மாதிரி கறுப்புப் பொட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் தார். சித்திரை வெயிலில் புதுச் சாலையில் ஓட்டினால் நிச்சயம் ஒட்டும். தார் நீக்கும் திரவம் அல்லது மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துப் பொட்டின் மேல் ஒரு நிமிடம் வைத்தால் இளகிவிடும். துடைத்துவிட்டு உடனே ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். பெட்ரோல் வேண்டாம். ஆவி எளிதில் தீப்பிடிக்கும், பூச்சுக்கும் ஆகாது. டிஸ்க்கில் மண்ணெண்ணெய் படவே கூடாது, பட்டால் பிரேக் வழுக்கும்.

அறிகுறி: வெள்ளை வெள்ளையாக வட்டங்கள்

எங்கள் ஊரில் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்த நாளில் கழுவினால் இந்தத் தொல்லை இல்லை. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வட்டத்தை விட்டுப் போகிறது. குளியலறைக் குழாயில் படியும் அதே சுண்ணாம்புதான். பூச்சு உள்ள சக்கரமானால், வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து இரண்டு நிமிடம் ஒற்றிவைத்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போகும். வெற்று அலுமினியத்தில் இதைச் செய்யக் கூடாது. ஏன் என்பது அடுத்த அறிகுறியில்.

அறிகுறி: நனைத்தால் மறைகிறது, காய்ந்தால் சாம்பல் பூத்தது போல வெளுக்கிறது

இது என் கதை. முதல் அலாய் வீல் கார். பாலிஷ் போட்ட விளிம்பு. மலைக்குப் போய் வந்து இரண்டு மாதம் கவனிக்காமல் விட்ட கறுப்பு. பாட்டிலில் மிச்சமிருந்த கழிப்பறை அமிலத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். நுரைத்துக்கொண்டு வந்தது. கறுப்பு போய்விட்டது, மனம் நிறைந்துவிட்டது. காய்ந்ததும் பார்த்தால் விளிம்பு முழுக்க மங்கிய வெண்மை. தண்ணீர் ஊற்றினால் மறையும்; துடைத்தால் திரும்ப வரும். டயர்க்கடைப் பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன ஊற்றினீர்கள் தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் அம்மாவிடம் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பவரே, அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை வைத்து எடுக்க விடமாட்டார். சட்டி அரித்துப் புள்ளி விழும் என்பார். அலாய் வீல் அந்தச் சட்டியின் உறவுதான்: பெரும்பகுதி அலுமினியம், அதில் சிலிக்கான் ஏழு சதவீத அளவில் சேர்த்து வார்ப்பது வழக்கம். அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருந்து அதைக் காக்கிறது. அமிலம் அந்தப் படலத்தைக் கரைக்கும். கடும் காரமும் கரைக்கும். எனவே கழிப்பறை அமிலமும் ஆகாது, அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவும் ஆகாது. படலம் போன இடத்தில் உலோகம் நுண்ணிய குழிகளாக அரிபடுகிறது. குழிகளில் ஒளி சிதறுவதால் வெண்மையாகத் தெரிகிறது. தண்ணீர் குழியை நிரப்பும்போது மறைகிறது, அவ்வளவுதான்.

வெற்று அலுமினியமானால் உலோகப் பாலிஷால் மணிக்கணக்கில் தேய்த்து ஓரளவு மீட்கலாம். நான் ஒரு சக்கரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீதம் நான்கு வாரம் தேய்த்தேன். லாக்கருக்கு அடியில் வெளுத்திருந்தாலோ, புழு ஊர்ந்தது போல வெண்கோடுகள் ஓடியிருந்தாலோ எந்தப் பாட்டிலும் உதவாது. கல் பட்டு லாக்கர் விட்ட இடத்தின் வழியே ஈரம் போய் உலோகம் அரிபட்டிருக்கிறது. பூச்சை நீக்கி, தேய்த்து, மறுபூச்சு போட வேண்டும். டைமண்ட் கட் முகப்பைத் திரும்பக் கடையலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் உலோகம் கொஞ்சம் குறைகிறது, எனவே எண்ணிச் சில தடவைதான்.

சந்தையில் கிடைக்கும் சில வீல் கிளீனர்களில் ஹைட்ரோ ஃப்ளூரிக் அமிலமோ அம்மோனியம் பைஃப்ளூரைடோ இருக்கும். கறையை நொடியில் எடுக்கும், உண்மை. அந்த அமிலம் தோல் வழியாக உள்ளே இறங்கி உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடிக்கும். பட்ட உடனே வலிகூடத் தெரியாமல் போகலாம். சக்கரம் எப்படியோ போகட்டும், வீட்டு வாசலில் குழந்தைகள் நடமாடும் இடத்தில் இது வேண்டவே வேண்டாம். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் நான் வாங்குவதில்லை.

அறிகுறி: முகப்பு சுத்தம், உட்புறம் மட்டும் கருங்கல்லாக இருக்கிறது

வெளியிலிருந்து பிரஷை விட்டு எட்டும் அளவுக்கு எடுப்பது ஒரு வழி. முழுக்க எடுக்க வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்றத்தான் வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, மூலைவிட்டத்தில் எதிரே உள்ள சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுங்கள். வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட்டு, பிறகுதான் ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டாதீர்கள்.

உட்புறத்தில் பிசின் போட்டு ஒட்டிய சிறு எடைக் கட்டிகள் வரிசையாக இருக்கும். வீல் பேலன்சிங் செய்தபோது ஒட்டியவை. அவற்றைச் சுற்றித்தான் தூள் அதிகம் அடைந்திருக்கும். சுரண்டும் ஆர்வத்தில் கட்டியையும் சேர்த்துப் பெயர்த்துவிடாதீர்கள். உயர் அழுத்தத் தண்ணீரை அதன் ஓரத்தில் நெருக்கமாக அடித்தாலும் பெயர்ந்துவிடும். கழுவிய பிறகு நெடுஞ்சாலையில் எண்பது, தொண்ணூறு வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால், ஒரு கட்டி போயிருக்கிறது என்று பொருள்.

கழற்றியதே கழற்றினீர்கள், பிரேக் பேடையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். தேயும் பகுதி 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்திருந்தால் மாற்றும் நேரம். திரும்ப மாட்டும்போது நட்டுகளை ஒன்று விட்டு ஒன்றாக, எதிரெதிராக முறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். மரைக்கு எண்ணெய் போடும் பழக்கம் வேண்டாம். ஐம்பது, நூறு கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை இறுக்கம் பாருங்கள்.

அறிகுறி: நான்கில் ஒன்று மட்டும் கறுப்பு

இங்கே துணியைக் கீழே வையுங்கள். முன்சக்கரம் இரண்டும் ஒரே அளவு அழுக்காவதுதான் முறை. ஒன்று மட்டும் கறுத்தால் அந்தப் பக்கக் கேலிப்பர் பிரேக்கை விட்ட பிறகும் பேடை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். சறுக்கு ஊசிகளில் கிரீஸ் காய்ந்தோ, பிஸ்டன் இறுகியோ இருக்கும். பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கி.மீ. ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம். ஒன்றிலிருந்து மட்டும் அனல் அடித்தால் சந்தேகம் உறுதி. கருகல் வாசனை, மைலேஜ் குறைவது, வண்டி ஒரு பக்கம் இழுப்பது எல்லாம் இதன் கூட்டாளிகள்.

நேர்மாறாகவும் நடக்கும். கறுத்த சக்கரம் ஒழுங்காக வேலை செய்ய, சுத்தமாக இருக்கும் சக்கரத்தின் பிரேக் சும்மா இருக்கலாம். இடது முன்சக்கரம் மட்டும் எப்போதும் பளபளப்பாக இருந்தால் மகிழ வேண்டாம், மெக்கானிக்கிடம் போகவும்.

அறிகுறி: தூளாக இல்லை, பிசுபிசுப்பாக இருக்கிறது

இதற்கும் கழுவுவது வைத்தியம் இல்லை. சக்கரத்தின் உட்புறம் கெட்டியான கறுப்புக் கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் ஆக்சிலின் ரப்பர் உறை கிழிந்திருக்கும். மெல்லிய, வழுவழுப்பான ஈரம் என்றால் பிரேக் ஆயில் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பேடு தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. சக்கரத்தில் ஈரமும் டப்பாவில் குறைவும் சேர்ந்து தெரிந்தால் வண்டியை எடுக்காமல், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அந்த ஆயில் பெயின்ட்டையும் தின்றுவிடும், பட்ட இடத்தில் தண்ணீர் ஊற்றுங்கள்.

கறுப்புத் தூளுக்கு நடுவே வெள்ளி ஜரிகை போல மின்னும் துகள்கள், கூடவே 'கர்' என்ற அரைக்கும் சத்தம் என்றால் பேடு முழுக்கத் தேய்ந்து, இரும்புத் தகடு டிஸ்க்கை அரைக்கிறது. அன்றைக்கே மாற்ற வேண்டும்.

அறிகுறி: கழுவி முடித்த மறுநாள் டிஸ்க் முழுக்க ஆரஞ்சு

பயப்பட ஒன்றுமில்லை. பூச்சில்லாத வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் ஓரிரவில் மேலோட்டமாகத் துரு பூக்கும். நாலு தடவை பிரேக் பிடித்தால் பேடே அதைத் துடைத்துவிடும். அந்தத் துருத் தூளும் சக்கரத்தில்தான் வந்து விழும் என்பதால், கழுவி முடித்ததும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, மெதுவாகப் பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள்.

அறிகுறி: சுத்தம் செய்து ஒரு வாரத்தில் மறுபடி அதே கறுப்பு

புதிதாகப் பேடு மாற்றியிருந்தால் முதல் சில நூறு கி.மீ. இப்படித்தான் இருக்கும், பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழகும் காலம் அது. அதன் பிறகும் குறையவில்லை என்றால் பேடின் வகையைப் பாருங்கள். இரும்பு, எஃகு நார் கலந்த பேடுகள் சூட்டிலும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் தூளும் அதிகம். ஐரோப்பியக் கார்களின் சக்கரங்கள் சீக்கிரம் கறுப்பதற்கு இது ஒரு காரணம். செராமிக் பேடின் தூள் குறைவு, நிறமும் வெளிறியது. தூளுக்காக மட்டும் விலை குறைந்த பெயர் தெரியாத பேடை மாட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மலை இறங்குகிறவர்கள் கம்பெனி சொன்ன வகையை விட்டு விலகாமல் இருப்பதே நல்லது.

புகைக்குழாயில் வருவதை மட்டும் அளந்துகொண்டிருந்த ஐரோப்பா, 2024இல் நிறைவேற்றிய யூரோ 7 விதியில் பிரேக் தூளுக்கும் முதன்முறையாக உச்சவரம்பு வைத்திருக்கிறது: காற்றில் மிதக்கும் நுண்துகள் சாதாரணக் காருக்கு ஒரு கி.மீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்சாரக் காருக்கு 3. மின்சாரக் கார் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறிப் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது. பேடுக்கு அதிக வேலை இல்லை. அத்தகைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது.

மற்றவர்கள் செய்யக்கூடியது இரண்டு. இறக்கத்தில் எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். குன்னூர்ப் பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் இறங்கிவிட்டு முன்சக்கரத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இன்னொன்று, முழுக்கச் சுத்தமான சக்கரத்தில் மெழுகு. காருக்குப் போடும் கெட்டி மெழுகையே முகப்பிலும் எட்டும் வரை உட்புறத்திலும் மெல்லியதாகப் பூசிக் காயவிட்டுத் துடைத்தால், சில வாரங்களுக்குத் தூள் பூச்சில் குத்தாமல் மெழுகின் மேலேயே தங்கும். தண்ணீரும் ஷாம்பும் போதுமென்றாகிவிடும். பூசும்போது டிஸ்க்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டயர் பளபளப்புக்குத் தெளிக்கும் சிலிக்கான் திரவத்தையும் நேராகத் தெளிக்காமல் பஞ்சில் எடுத்துத் தடவுங்கள். மலையிலிருந்து வந்தால் இரண்டு நாளுக்குள் ஒரு வாளித் தண்ணீராவது ஊற்றிவிடுங்கள். துருப்பிடிக்க நேரம் கொடுக்காவிட்டால் மருந்து பாட்டிலுக்கு வருடத்தில் இரண்டு முறைக்கு மேல் வேலை இருக்காது.

கழுவிய கறுப்புத் தண்ணீரை வாசலில் இருக்கும் செம்பருத்திக்குத் திருப்பிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. பல பேடுகளில் செம்பும் வேறு உலோகங்களும் கலந்திருக்கும். செடிக்கு வேறு தண்ணீர் ஊற்றுங்கள்.